வெளுத்த பம்பரும் கருமை மீட்கும் தொழிலும்

காரின் வெளிப்புறத்தில் பெயிண்ட் அடிக்காத கறுப்புப் பிளாஸ்டிக் பாகங்கள் பல உண்டு. முன்பின் பம்பர்கள், சக்கர வளைவைச் சுற்றிய கிளாடிங், கதவுகளின் குறுக்கே ஓடும் பட்டை, பக்கக் கண்ணாடியின் கூடு, வைப்பர் கைகளுக்கு அடியிலுள்ள சல்லடைத் தகடு ஆகியவை முக்கியமானவை. புதுக் காரில் இவை மைபோல் கறுத்திருக்கும். வெயிலிலேயே நிற்கும் காரில் சில ஆண்டுகளுக்குள் முதலில் மினுக்கம் குறையும். பிறகு கருமை சாம்பலாகும். கடைசியில் சுண்ணாம்பு தடவியதுபோல் வெண்மை படியும், விரலால் தேய்த்தால் மாவு ஒட்டும். எஞ்சினும் உலோக உடலும் நல்ல நிலையில் உள்ள காரைக்கூட இந்த வெளுப்பு கிழடாகக் காட்டிவிடும்.

வெளுத்த பிளாஸ்டிக்கை மீண்டும் கறுக்க வைப்பது இன்று கார் பராமரிப்புத் தொழிலில் தனிப் பிரிவாகிவிட்டது. இதற்கென்றே எண்ணெய்களும் சாயங்களும் பூச்சுகளும் விற்கின்றன. இந்தத் தொழிலுக்கு வயது ஏறத்தாழ அரை நூற்றாண்டு. கார்களிலிருந்து குரோம் விலகி, அந்த இடத்துக்குப் பிளாஸ்டிக் வந்தபோது தொடங்கியது இது.

குரோம் காலம்

1920களின் நடுப்பகுதி வரை காரின் விளக்குக் கூடு, ரேடியேட்டர் சட்டம், பம்பர் போன்றவற்றுக்கு நிக்கல் முலாம் பூசினார்கள். நிக்கல் சீக்கிரம் மங்கும். அடிக்கடி தேய்த்துத் துலக்க வேண்டும். அதன்மேல் மின்முலாமாகக் குரோமியம் பூசும் முறை தொழிற்சாலைகளுக்கு வந்தபின் இந்த வேலை குறைந்தது. குரோமியப் படலத்தின் தடிமன் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. துருவைத் தடுக்கும் பணியை அடியிலுள்ள நிக்கல் செய்ய, பளபளப்பையும் கடினத்தையும் குரோமியம் தந்தது. கொரியப் போரின்போது அமெரிக்காவில் நிக்கலுக்குக் கட்டுப்பாடு வந்தது. அடியில் நிக்கல் குறைந்ததால், அக்காலக் கார்களின் குரோம் சீக்கிரமே புள்ளி புள்ளியாகத் துருவேறியது.

குரோமைப் பராமரிப்பதில் குழப்பம் இல்லை. அழுக்கு படிந்தால் மென்மையான பாலிஷ் கொண்டு தேய்க்க வேண்டும்; முலாம் உரிந்தால் பட்டறையில் பழைய முலாமைக் கழற்றிப் புதிதாக ஏற்ற வேண்டும். இரண்டிலுமே உலோகத்தின் மேற்பரப்பை மறுபடி புதிதாக்க முடிந்தது. தலைமுறை தலைமுறையாகக் கார் வைத்திருந்தவர்களின் கைப்பழக்கம் இதுதான்: தேய்த்தால் பளபளக்கும். பின்னால் பிளாஸ்டிக் வந்தபோது இந்தப் பழக்கம் உதவாமல் போனது. பிளாஸ்டிக்கைத் தேய்த்தால் அச்சில் வார்த்த சொரசொரப்பு அழிந்து, அந்த இடம் மட்டும் வேறு நிறமாகத் தெரியும்.

பம்பர் பிளாஸ்டிக்கான கதை

இன்றைய கறுப்புப் பாகங்களில் பெரும்பாலானவற்றின் மூலப்பொருள் பாலிபுரோப்பிலீன். 1953இல் ஜெர்மனியின் கார்ல் சீக்லர் எத்திலீனைக் குறைந்த அழுத்தத்தில் நீண்ட சங்கிலியாக்கும் வினையூக்கிகளைக் கண்டார். அவற்றைக் கொண்டு 1954இல் இத்தாலியின் மிலான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஜூலியோ நாட்டா, ஒழுங்கான அமைப்புடைய பாலிபுரோப்பிலீனை உருவாக்கினார். 1957இல் ஃபெராரா நகரில் மோன்டெகத்தினி நிறுவனம் அதை வணிக அளவில் தயாரிக்கத் தொடங்கியது. 1963இல் சீக்லரும் நாட்டாவும் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இந்தப் பிளாஸ்டிக் தண்ணீரில் மிதக்கும் அளவு இலேசானது, விலை மலிவு, பேட்டரி அமிலத்துக்கும் எண்ணெய்க்கும் அசையாது. குளிரில் நொறுங்குவதே அதன் குறை. செயற்கை ரப்பரைக் கலந்து அதைச் சரிசெய்தார்கள். விறைப்புக்காக டால்க் என்ற மாக்கல் பொடியையும் சேர்த்தார்கள். இப்போதுள்ள கார் ஒன்றின் பம்பரைக் கழற்றி உட்புறம் பார்த்தால் ‘பி.பி. + ஈ.பி.டி.எம். – டி20’ என்பது போன்ற குறியீடு அச்சாகியிருக்கும். பாலிபுரோப்பிலீன், ஈ.பி.டி.எம். ரப்பர், 20 சதவீத டால்க் என்பது அதன் பொருள். வெள்ளைப் பொடியான இந்த டால்க்குக்கு வெளுப்பின் கதையில் ஒரு பங்கு உண்டு.

பம்பரில் உலோகத்தின் ஆதிக்கத்தைப் பிளாஸ்டிக் அசைத்தது 1960களின் இறுதியில். 1968 மாடல் போன்டியாக் ஜி.டி.ஓ. காரின் மூக்கில் ‘எண்டுரா’ என்ற மீள்தன்மையுள்ள யூரெத்தேன் பம்பர் இருந்தது. எஃகுச் சட்டத்தின் மேல் அமைந்த அந்தப் பம்பருக்கு உடலின் நிறத்திலேயே பெயிண்ட் அடித்திருந்தார்கள். சுத்தியலால் அடித்தாலும் நசுங்காது என்பதை விளம்பரத்தில் செய்தே காட்டினார்கள். 1972இல் பிரான்சில் வெளிவந்த ரெனோ 5 இன்னும் ஒரு படி போனது. கண்ணாடி இழை சேர்த்த பாலியெஸ்டரில் வார்த்த சாம்பல் நிறப் பம்பர்கள், பெயிண்டோ குரோமோ இல்லாமல், காரின் முகத்திலேயே அமைந்தன. நெருக்கமான நகரத் தெருக்களில் உரசல் வாங்குவதற்கென்றே அவற்றை வைத்தார்கள்.

அதே ஆண்டு அமெரிக்காவில் வந்த சட்டம் மாற்றத்தை விரைவுபடுத்தியது. 1972 செப்டம்பர் 1 முதல் அங்கே விற்பனைக்குத் தயாராகும் கார்கள் மணிக்கு 5 மைல், அதாவது 8 கிலோமீட்டர் வேகத்தில் முன்புறம் மோதினாலும், 2.5 மைல் வேகத்தில் பின்புறம் மோதினாலும் விளக்கு, எரிபொருள் அமைப்பு போன்றவை பழுதாகக் கூடாது. அடுத்த ஆண்டு பின்புறத்துக்கும் 5 மைல் விதி வந்தது. அதுவரை அழகுக்காக இருந்த மெல்லிய குரோம் பட்டை இந்தச் சோதனையில் தேறாது. அதிர்ச்சியை உள்வாங்கும் பருத்த பம்பர்கள் அவசியமாயின. 1974இல் பிரிட்டனின் எம்.ஜி.பி. விளையாட்டுக் கார், எஃகுச் சட்டத்தின்மேல் கறுப்பு பாலியூரெத்தேன் போர்த்திய பெரிய பம்பர்களோடு வந்தது. அது ரப்பரே அல்ல என்றாலும், அந்தக் காரின் அபிமானிகள் இன்றுவரை எம்.ஜி.பி.க்களைக் ‘குரோம் பம்பர்’, ‘ரப்பர் பம்பர்’ என்று இரண்டாகப் பிரித்தே பேசுகிறார்கள். 1982இல் அமெரிக்க அரசு சோதனை வேகத்தை 2.5 மைலாகத் தளர்த்தியது. ஆனால் குரோம் பட்டை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை.

ஐரோப்பாவில் செலவுக் கணக்கும் சேர்ந்துகொண்டது. பெயிண்ட் கூடம்தான் கார்த் தொழிற்சாலையில் அதிகச் செலவு பிடிக்கும் பகுதிகளில் ஒன்று. நிறத்தைக் கலந்தே வார்த்துவிட்டால் அந்தப் பாகத்துக்குப் பெயிண்டும் வேண்டாம், முலாமும் வேண்டாம். கீறல் விழுந்தாலும் உள்ளே அதே நிறம்தான். 1978இல் வந்த ஃபியட் ரிட்மோ, 1980இல் ஜார்ஜெட்டோ ஜுஜாரோவின் வடிவமைப்பில் வந்த ஃபியட் பாண்டா, 1983இல் வந்த பெஷோ 205 ஆகியவை இந்தத் தலைமுறையின் அடையாளங்கள். இவற்றோடு கறுப்புப் பிளாஸ்டிக் நவீனத்தின் சின்னமானது. குரோம் பழமையின் சின்னமாகத் தெரிந்தது.

கருமை எங்கிருந்து வருகிறது

பாலிபுரோப்பிலீன் இயல்பில் பால்வெள்ளை. அதைக் கறுப்பாக்குவது கார்பன் பிளாக் என்ற மிக நுண்ணிய புகைக்கரி. பழைய முறையில் விளக்குப் புகையைச் சேகரித்து மை செய்ததற்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே. கார் டயர் கறுப்பாக இருப்பதும் இதனால்தான். 1910களில் ரப்பரோடு இந்தக் கரியைக் கலந்தபோது டயரின் உழைப்பு பெருமளவு கூடியது.

கரிக்கு இன்னொரு குணமும் உண்டு. சூரிய ஒளியின் புறஊதாக் கதிரை அது விழுங்கிக்கொள்ளும். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தார் தொலைபேசிக் கம்பிகளுக்குப் பாலிஎத்திலீன் உறை போட்டபோது, கரி சேர்க்காத உறை வெயிலில் விரைவில் வெடித்தது. 2 முதல் 3 சதவீதம் நுண்கரி நன்றாகக் கலந்த உறை ஆண்டுக்கணக்கில் தாங்கியது. மொட்டை மாடிகளில் வெயிலிலும் மழையிலும் நிற்கும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டியும் இதே தத்துவத்தில் நிலைக்கிறது. ஆக, காரின் கறுப்பு நிறம் அழகுக்கு மட்டும் உரியதன்று; அது அந்தப் பிளாஸ்டிக்கின் குடையும்கூட.

கருமை ஏன் போகிறது

கரி குடையாக இருந்தும் கறுப்புப் பாகங்கள் வெளுக்கின்றன. பாலிபுரோப்பிலீனின் மூலக்கூறுச் சங்கிலியிலேயே அதற்குக் காரணம் இருக்கிறது. சங்கிலியின் ஒவ்வொரு இரண்டாம் கார்பனிலும் பக்கவாட்டில் ஒரு கிளை உண்டு. கிளை முளைக்கும் இடத்திலுள்ள ஹைட்ரஜனின் பிணைப்பு பலவீனமானது. பூமிக்கு வந்து சேரும் ஒளியில் 290 முதல் 400 நானோமீட்டர் வரையிலான புறஊதாப் பகுதி, பிளாஸ்டிக்கில் மிச்சமிருக்கும் வினையூக்கித் துகள்களையும் வார்ப்புச் சூட்டில் உண்டான சேர்மங்களையும் தூண்டிவிடுகிறது. ஹைட்ரஜன் பறிபோன இடத்தில் காற்றின் ஆக்சிஜன் வந்து ஒட்டும். அங்கே உண்டாகும் பெராக்சைடு உடைந்து, அடுத்த சங்கிலியைத் தாக்கும். ஒரு முறிவு பல முறிவுகளுக்கு வழிவிடுவதால், தொடக்கத்தில் மெதுவாக நடக்கும் சிதைவு போகப் போக வேகமெடுக்கிறது.

நீண்ட சங்கிலிகள் துண்டுகளானதும் மேற்பரப்பு சுருங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத ஆயிரமாயிரம் விரிசல்கள் உண்டாகின்றன. உடைந்த பிளாஸ்டிக்கை மழையும் கழுவலும் அரித்துச் செல்ல, அதுவரை உள்ளே புதைந்திருந்த டால்க் வெளியே தெரிகிறது. விரிசல்களுக்குள் காற்று நிற்கிறது. பிளாஸ்டிக்கின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.5, காற்றுக்கு 1. இந்த வேறுபாட்டால் ஒவ்வொரு விரிசலிலும் ஒளி சிதறுகிறது. எல்லா நிறமும் சேர்ந்து சிதறும் ஒளி கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும். கண்ணாடி தெளிவாக இருந்தும் அதைப் பொடித்தால் வெள்ளையாவது இப்படித்தான்.

எனவே வெளுத்த பம்பரில் கரி பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. இதற்கு எளிய சான்று ஒன்று உண்டு. சாம்பலாகிப்போன பம்பரில் தண்ணீர் ஊற்றினால் நொடியில் கறுத்துவிடும். காய்ந்ததும் மறுபடி வெளுக்கும். விரிசலிலிருந்த காற்றின் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது. அதன் ஒளிவிலகல் எண் 1.33 என்பதால் சிதறல் குறைகிறது. உள்ளேயிருக்கும் கருமை தெரிகிறது. கருமை மீட்கும் தொழிலின் வரலாறு முழுவதையும் இந்தக் காட்சியில் காணலாம். காயாத தண்ணீர் ஒன்றைத் தேடிய வரலாறு அது.

இதே தோற்றம் தரும் வேறு இரண்டு வெண்மைகளும் உண்டு. உலோக உடலுக்குப் பூசிய மெழுகு பிளாஸ்டிக்கின் சொரசொரப்பில் புகுந்து காய்ந்தால் வெள்ளைத் திட்டாக நிற்கும். உப்புத் தண்ணீரில் கழுவினால் சுண்ணச் சத்து படிந்து வெள்ளைப் பொருக்காகும். இரண்டும் பிளாஸ்டிக்கின் சிதைவல்ல. சரியாகக் கழுவி நீக்கக்கூடியவை. வெளுப்பு எந்த வகை என்று பாராமல் மருந்து தடவியதால் வீணான உழைப்பு இந்தத் தொழிலில் நிறைய.

தொழிற்சாலையின் பதில்

வெளுப்பைத் தடுக்கும் முயற்சி தொழிற்சாலையிலேயே தொடங்கியது. 1970களில் ஜப்பானிலும் சுவிட்சர்லாந்திலும் ‘அமீன்’ வகை ஒளி நிலைப்படுத்திகள் வணிகத்துக்கு வந்தன. புறஊதாக் கதிரை விழுங்குவது அவற்றின் வேலையல்ல. சங்கிலி முறிவின்போது தோன்றும் வினைத் துகள்களைப் பிடித்து அடக்குகின்றன. அப்படிப் பிடித்தபின் தாமே பழைய நிலைக்குத் திரும்பி மறுபடியும் வேலை செய்வதால், மிகச் சிறிய அளவு சேர்த்தாலே நெடுநாள் பலன் தந்தன. வெளிப்புறப் பாகங்களில் பாலிபுரோப்பிலீன் நிலைபெற்றதற்கு இவை பெரிய காரணம். ஆயினும் மழையிலும் வெயிலிலும் இவை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து தீர்கின்றன. தீர்ந்தபின் சிதைவு தங்குதடையின்றி நடக்கிறது.

எத்தனை ஆண்டு தாங்கும் என்று முன்கூட்டியே அறிய, மாதிரித் துண்டுகளை வெயிலில் சாய்வாக அடுக்கி வைத்துப் பார்த்தார்கள். ஈரமும் சூடும் சேர்ந்த தென் ஃப்ளோரிடாவும், வறண்டு தகிக்கும் அரிசோனாவும் இச்சோதனையில் உலகமே ஒப்பிட்டுப் பார்க்கும் இடங்களாயின. ஆய்வகத்துக்குள் செனான் விளக்கின் ஒளியும் நீர்த்தெளிப்பும் மாறி மாறிப் படச் செய்து, ஆண்டுகளின் வெயிலை மாதங்களுக்குள் சுருக்கும் முறையும் வந்தது.

எண்ணெயின் காலம்

வீட்டில் காரைத் துடைப்பவரின் கைக்கு வந்த முதல் மருந்து எண்ணெய்தான். வெளுத்த பிளாஸ்டிக் காய்ந்த தோலைப்போல் தெரிந்ததால், அதற்கு எண்ணெய்ப்பசை வேண்டும் என்ற எண்ணம் இயல்பாக எழுந்தது. இந்த எண்ணத்துக்கு வணிக வடிவம் தந்தது சிலிகான்.

1940இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் யூஜின் ரோகோ, சிலிகான் சேர்மங்களை நேரடியாகவும் மலிவாகவும் தயாரிக்கும் வழியைக் கண்டார். 1943இல் டவ் கார்னிங் நிறுவனம் உருவானது. போர்க்காலத்தில் விமான எஞ்சினின் மின்பொறி இணைப்புகளை ஈரத்திலிருந்து காத்த சிலிகான், போருக்குப்பின் கார் பாலிஷுக்குள் புகுந்தது. 1962இல் ஜோ பால்ச்சர் ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் காக்கும் திரவம் ஒன்றை உருவாக்கினார். 1972இல் ஆலன் ரிப்பின்ஸ்கி அதன் விற்பனை உரிமையைப் பெற்று, ‘ஆர்மர் ஆல்’ என்ற பெயரில் அமெரிக்கா முழுவதும் கொண்டு சென்றார். தண்ணீரில் சிலிகான் எண்ணெய் கலந்து பால்போல் இருந்த அந்தத் திரவத்தை டேஷ்போர்டு, டயர், பம்பர் எல்லாவற்றிலும் தடவினார்கள். 1979இல் மெக்கெசன் குழுமமும், 1996இல் குளோராக்ஸும் அந்த நிறுவனத்தை வாங்கின. கார்ப் பிளாஸ்டிக்கைத் துடைத்துப் பளபளப்பாக்குவது பெருந்தொழிலாகிவிட்டதற்கு இந்தக் கைமாற்றங்களே அடையாளம்.

சிலிகான் எண்ணெய் விரிசலை நிரப்பும். அதன் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.4, தண்ணீரைவிடப் பிளாஸ்டிக்குக்கு நெருக்கம். தண்ணீரைப்போல் ஆவியாகியும் போகாது. ஆகவே தடவிய நொடியில் பம்பர் ஈரம் பட்டதுபோல் கறுத்தது. ஆனால் அது திரவமாகவே இருந்தது. தூசி வந்து ஒட்டியது. சில மழையில் கழுவிப்போனது. வடிந்த எண்ணெய் கதவுகளில் கோடு கோடாக இறங்கியது. பெயிண்ட் பட்டறைக்காரர்களுக்குச் சிலிகான் பெரிய தொல்லை. தகட்டில் அதன் தடம் துளி இருந்தாலும் புதுப் பெயிண்ட் அந்த இடத்தில் ஒட்டாமல் விலகி, மீன்கண் போன்ற குழிகள் விழும். இதனால் பல பெயிண்ட் கூடங்களுக்குள் சிலிகான் கலந்த பொருள் எதையும் கொண்டுபோக விடுவதில்லை.

வீட்டு மருந்துகளும் அனல் துப்பாக்கியும்

கடைச் சரக்கோடு வீட்டு வைத்தியங்களும் வளர்ந்தன. அமெரிக்காவில் வேர்க்கடலை வெண்ணெயைத் தேய்த்தார்கள். பிளாஸ்டிக்கின் சொரசொரப்பில் காய்ந்த மெழுகை அதன் எண்ணெய் இளக்கும், அரைபட்ட கடலைத் துகள் சுரண்டி எடுக்கும். மெழுகுத் திட்டுக்கு அது உண்மையிலேயே பலன் தந்தது. இந்தியாவில் தேங்காய் எண்ணெய், டீசல், கறுப்பு பூட் பாலிஷ் ஆகியவை கைக்கெட்டிய மருந்துகள். டீசலும் தேங்காய் எண்ணெயும் சில நாள் கருமை தந்து, பிறகு புழுதியைச் சேர்த்துக்கொண்டன. பூட் பாலிஷில் மெழுகோடு கருநிறமும் இருப்பதால் சற்றுக் கூடுதலாக நின்றது. ஆனால் சாய்ந்து நின்றவரின் துணியில் ஒட்டியது.

இவற்றுள் ஆளிவிதை எண்ணெய் தனித்து நின்றது. மரவேலையில் நூற்றாண்டுகளாகப் பயன்படும் இந்த எண்ணெய், காற்றின் ஆக்சிஜனை உறிஞ்சிக் கெட்டியாகிப் படலமாகும் தன்மையது. விரிசலை நிரப்பியபின் திடமாகி நிற்பதால் மாதக்கணக்கில் தாங்கியது. திரவத்தைவிடத் திடப் படலமே நிலைக்கும் என்ற உண்மை அதிலேயே அடங்கியிருந்தது. துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் என்பது அந்த எண்ணெயின் ஆபத்து. அதனால் துணியைப் பிரித்து உலர்த்துவது அல்லது தண்ணீரில் ஊறப் போடுவது பட்டறை ஒழுங்காகவே இருந்தது.

எண்ணெய் எதுவும் தொடாத இன்னொரு வழி அனல் துப்பாக்கி. பழைய பெயிண்டை உரிக்கப் பயன்படும் இந்தக் கருவியால் வெளுத்த பம்பரைச் சூடாக்கினால், துப்பாக்கி போகும் பாதையெல்லாம் கருமை திரும்பும். உள்ளேயிருந்த எண்ணெய் வெளியே வருகிறது என்று பலர் விளக்கம் சொன்னார்கள். உண்மையில் பாலிபுரோப்பிலீன் 160 டிகிரி செல்சியஸையொட்டி உருகும். மேற்படலம் இளகி ஓடி விரிசல்களை மூடுகிறது. ஆனால் முறிந்த சங்கிலிகள் மறுபடி இணைவதில்லை. தீர்ந்துபோன நிலைப்படுத்தியும் திரும்புவதில்லை. அடுத்த கோடையில் வெளுப்பு முன்னைவிட வேகமாக வரும். கை ஒரே இடத்தில் நின்றால் அச்சின் சொரசொரப்பு உருகி வழுவழுத் திட்டாகும், பாகம் கோணும், அருகிலுள்ள பெயிண்டும் பொசுங்கும்.

கிளாடிங்கின் வருகை

1990களில் உடல் நிறத்திலேயே பெயிண்ட் அடித்த பம்பர்கள் பரவலாயின. பாலிபுரோப்பிலீனில் பெயிண்ட் எளிதில் ஒட்டாது. அதன் மேற்பரப்பு ஆற்றல் குறைவு. மெழுகுத் தாளில் தண்ணீர்போல் பெயிண்ட் அதன்மேல் திரண்டு நிற்கும். தீச்சுடரால் மேற்பரப்பைத் தொட்டெடுப்பதும், குளோரின் ஏற்றிய ஒட்டுப்பூச்சை முதலில் அடிப்பதும் இதற்குத் தீர்வாயின. அதன்பின் கறுப்புப் பம்பர் விலை குறைந்த மாடலின் அடையாளமாக மாறியது.

ஆனால் வேறொரு திசையிலிருந்து கறுப்புப் பிளாஸ்டிக் மீண்டும் வந்தது. 1977இல் பிரான்சின் மாத்ரா நிறுவனம், சிம்கா சிறுகார் ஒன்றின் அடித்தளத்தில் ‘ரான்ஷோ’ என்ற காரை உருவாக்கியது. நான்கு சக்கர இயக்கம் கிடையாது. ஆனால் உயர்ந்த கூரையும் சுற்றிலும் கறுப்புப் பிளாஸ்டிக் கவசமும் சேர்ந்து, அதைக் காட்டுப் பாதைக்கான வண்டிபோல் காட்டின. இருபது ஆண்டு கழித்து வால்வோ, ஆவுடி நிறுவனங்களின் ஸ்டேஷன் வேகன்களிலும், பிறகு உலகெங்கும் கிராஸ்ஓவர் கார்களிலும் இந்தத் தோற்றமே வழக்கமானது. கல் தெறிப்பிலிருந்து சக்கர வளைவைக் காப்பது கிளாடிங்கின் உண்மையான பயன். முரட்டுத் தோற்றம் அதன் விற்பனை பலம்.

பெரிய கிளாடிங் என்றால் பெரிய வெளுப்பு. 2001 மாடலாக வந்த போன்டியாக் ஆஸ்டெக்கின் அடிப்பாகம் முழுவதும் சாம்பல் பிளாஸ்டிக்காக இருந்தது. அடுத்த ஆண்டே அதற்கு உடல் நிறம் கொடுத்தார்கள். 2002 மாடல் செவ்ரோலே அவலாஞ்சின் அகன்ற கிளாடிங் வெயிலில் வெளுத்ததால், அந்த வண்டியின் உரிமையாளர்களிடையே கருமை மீட்கும் முறைகளைத் தேடுவதே ஒரு வழக்கமானது. 2003 மாடலில் கிளாடிங் இல்லாத வகையும் விற்பனைக்கு வந்தது.

சாயமும் கண்ணாடிப் படலமும்

எண்ணெய் நிற்காது என்று அறிந்த தொழிலாளிகள் இரண்டு வழிகளில் போனார்கள். ஒன்று, சாயம். கருநிறமி கலந்த பிசினை மெல்லியதாகத் தேய்த்து விரிசல்களுக்குள் இறக்கி, மிச்சத்தைத் துடைத்துவிடும் முறை இது. மேற்பரப்பில் தடித்த தோல் எதுவும் உண்டாகாததால் அச்சின் சொரசொரப்பு அப்படியே தெரியும். உரிவதற்கும் ஒன்றும் இல்லை. சொந்தக் கருமையையே இழந்து பழுப்பேறிய பாகங்களுக்கும் இது பயன்பட்டது. சொரசொரப்பு கொண்ட கறுப்பு ஸ்ப்ரே பெயிண்ட் இதன் தடித்த வடிவம். ஒட்டுப்பூச்சு இல்லாமல் அடித்தால் அது செதில் செதிலாக உரியும்.

இரண்டாவது வழி 2010களில் வலுப்பெற்ற செராமிக் பூச்சு. சிலிகானும் ஆக்சிஜனும் நைட்ரஜனும் கொண்ட சிறு மூலக்கூறுகள் கரைப்பானில் கலந்திருக்கும். பூசியதும் அவை விரிசல்களுக்குள் நுழைந்து, காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து வலையாகப் பிணைந்து, கண்ணாடியை ஒத்த திடப் படலமாகும். பழைய சிலிகான் எண்ணெயின் உறவுதான் இதுவும். ஆனால் மழையில் கரையாது, கையில் ஒட்டாது. புறஊதாக் கதிரை விழுங்கும் பொருளையும் சேர்த்தால் சிதைவின் வேகமும் தணியும். ஆளிவிதை எண்ணெய் தற்செயலாகக் காட்டிய வழியை வேதியியல் இவ்வாறு திருத்தமாக எட்டியது.

இந்திய வெயிலில்

இந்தியச் சாலைகளை நீண்ட காலம் ஆண்ட அம்பாஸடரும் பிரீமியர் பத்மினியும் குரோம் பம்பர் கார்கள். 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்த மாருதி 800, வீட்டுக்கார் என்ற கனவைப் பலரிடம் கொண்டு சேர்த்தது. அதன் விலை குறைந்த வகைகள் ஆண்டுக்கணக்கில் பெயிண்ட் அடிக்காத பம்பர்களோடுதான் வந்தன. மாருதி ஆம்னி வேனும் அப்படியே. வெளுத்த பம்பர் நடுத்தரக் குடும்பங்களின் பழகிய காட்சியானது. 2013 முதல் 2015 வரை கிராஸ் போலோ, எட்டியோஸ் கிராஸ், ஐ20 ஆக்டிவ் என வரிசையாகக் கிளாடிங் பொருத்திய சிறு கார்கள் வந்தன. சென்னைக்கு அருகே ஒரகடத்தில் தயாரான ரெனோ குவிட் 2015இல் வந்தபோது, விலை குறைந்த காருக்கும் கறுப்புச் சக்கர வளைவு சேர்ந்துவிட்டது.

சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 டிகிரியில் இருப்பதால், ஆண்டில் இரண்டு முறை சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. கோடை நண்பகலில் புறஊதாக் குறியீடு 10க்கு மேல் போவது இங்கே சாதாரணம். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மூடிய நிறுத்துமிடம் கிடைக்காத கார்கள் நாள் முழுவதும் இந்த வெயிலில் நிற்கின்றன. வாட்டர் சர்வீஸ் நிலையங்கள் பலவற்றில் ஆழ்குழாய் நீரே பயன்படுவதால் உப்புப் பொருக்கும் சேர்கிறது. கழுவியபின் டேஷ்போர்டுக்கும் டயருக்கும் பம்பருக்கும் ஒரே பாலிஷை அடித்து அனுப்புவது இந்நிலையங்களின் பழைய வழக்கம். அண்மை ஆண்டுகளில் பெருகிய டீட்டெய்லிங் கடைகள் இவற்றைத் தனித்தனி வேலைகளாகப் பிரித்துச் செய்கின்றன.

இன்றைய முறை

அரை நூற்றாண்டு அனுபவத்தில் வேலையின் வரிசை தெளிவாகிவிட்டது. முதலில் ஷாம்பு போட்டுக் கழுவி, மென்மையான பிரஷ்ஷால் சொரசொரப்புக்குள் இருக்கும் அழுக்கையும் மெழுகையும் எடுக்க வேண்டும். உப்புப் பொருக்கு இருந்தால் நீர்த்த வினிகர் போன்ற மென்மையான அமிலத்தால் கரைத்து, நன்றாக அலச வேண்டும். பழைய சிலிகான் பாலிஷின் மிச்சத்தை எண்ணெய் நீக்கியாலும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலாலும் துடைக்க வேண்டும். இது விட்டுப்போனால் மேலே பூசும் எதுவும் பிடிக்காது. விரிசல்களுக்குள் ஈரம் இல்லாதபடி முழுதாக உலர்த்தி, பக்கத்திலுள்ள பெயிண்டை டேப் ஒட்டி மறைத்து, நிழலில், பாகம் குளிர்ந்திருக்கும்போது மெல்லிய அடுக்காகப் பூசித் துடைக்க வேண்டும். செராமிக் பூச்சானால் இறுகும்வரை தண்ணீர் படக்கூடாது. தண்ணீர் ஊற்றினால் முழுக் கருமை திரும்பும் பாகத்துக்குத் தெளிவான பூச்சே போதும். நனைந்தும் பழுப்பாகவே இருந்தால் நிறமி கலந்த சாயம் வேண்டும்.

வெறுங்கண்ணுக்கே விரிசல் தெரிந்து, நகத்தால் கீறினால் செதிலாக உதிரும் பாகத்துக்கு எந்த மருந்தும் உதவாது. சிதைவு அங்கே மேற்படலத்தைத் தாண்டிவிட்டது; பாகத்தையே மாற்ற வேண்டும். அதற்கு முந்தைய நிலையில் உள்ளவற்றுக்கு, முறிந்த சங்கிலிகளை எந்தப் பூச்சும் ஒட்டவைப்பதில்லை என்றாலும், விரிசலை நிரப்பி, மேலும் வெயில் படாமல் மறைத்தால், நல்ல உடலோடு இருக்கும் பாகம் பல ஆண்டுகள் கூடுதலாக உழைக்கும்.